லுவாரைத் தொடாத சைக்கிள்

சைக்கிள் ஓட்டுவதற்குத் தனியாக ஓர் உடை வேண்டும் என்பது மெல்பேர்ன் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு சைக்கிள் குழு இருக்கிறது. சனிக்கிழமை காலையில் உடம்போடு ஒட்டிய பளபளப்பான உடையில், கடற்கரைச் சாலையில் கூட்டமாகப் போய், ஒரு காபி குடித்துவிட்டு, போன வழியே திரும்பி வருவார்கள். திங்கட்கிழமை முழுக்க அந்தக் காபிக்குப் போன கதை நடக்கும். எங்கேயும் போக வேண்டிய வேலையில்லாமல் சைக்கிள் மிதிக்கும் பெரியவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்குச் சைக்கிள் கொடுத்தது அரசாங்கம், பதினொன்றாம் வகுப்பில். நீல நிறம், முன்னால் கம்பிக் கூடை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அரியலூர் சிமெண்ட் லாரிகள் கிளப்பும் புழுதிக்குள் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். இதைச் சொன்னால் மெல்பேர்னில் சிலர் முகத்தை இரக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் சிரமப்பட வேண்டாம். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பிரான்ஸில் சைக்கிள் பயணம் போகப்போகிறேன் என்று சொன்னபோது, சைக்கிள் குழுத் தலைவனும் என் மேலதிகாரியுமான டேமியனும் அந்த முகத்தைத்தான் வைத்துக்கொண்டான். "மோர்வான் பக்கமா? அங்கே மேடுகள் லேசானவை இல்லை. பேட்டரி சைக்கிள் எடுத்துக்கொள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்" என்றான்.

யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்: "லுவார் நதி வரைக்கும் என் காலால்தான் மிதிப்பேன். நடுவில் காரில் ஏற மாட்டேன், ரயிலில் ஏற மாட்டேன், இறங்கித் தள்ளவும் மாட்டேன். முன்சக்கரத்தை நதியில் நனைத்துப் படம் அனுப்புகிறேன்." சபதம் போட்டாயிற்று. இனி பின்வாங்க முடியாது.

பிரான்ஸுக்குப் போகக் காரணம் நானல்ல, தர்சினி அக்கா. அதே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். மெல்பேர்னில் ரோவில் பக்கம் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பி, கல்யாணமாகி மெல்பேர்ன் வருவதற்கு முன் சில வருடங்கள் பாரிஸில் இருந்தவர். ஓர் உணவகக் குசினியில் கற்றுக்கொண்ட பிரெஞ்சு அவரிடம் இருக்கிறது. பாரிஸில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, எங்கள் ஊரில் மஞ்சள் நீராட்டு. கூட வருகிறாயா என்று கேட்டார். சடங்கை ஒரு பெரிய மண்டபத்தில் நடத்தினார்கள். அந்தப் பிள்ளையைப் பல்லக்கில் தூக்கி வந்தார்கள், புகை விட்டார்கள், மேலே கேமரா பறந்தது. பிள்ளை மட்டும் எப்போது உடை மாற்றலாம் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தது. மறுநாள் நாங்கள் வாடகைச் சைக்கிள்களோடு ரயிலில் கிளம்பி மோர்வான் மலைப்பகுதியின் ஓரத்தில் இறங்கினோம்.

முதல் நாளே ஒரு டிராக்டருக்கு நேராகப் போய் நின்றேன். அங்கே வண்டிகள் வலது பக்கம் ஓடும். எனக்கு அது தெரியும். என் கைக்குத் தெரியவில்லை. டிராக்டர்காரர் ஜன்னலைத் திறந்து நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார் அக்கா?"

"நீங்கள் ரெண்டு பேரும் பைத்தியங்கள் எண்டு சொல்லுறார். ஆனால் மரியாதையாத்தான் சொல்லுறார். 'நீங்கள்' எண்டு பன்மையிலை."

"ரெண்டு பேர்னா பன்மைதானே வரும்?"

"சும்மா இரு. வலது பக்கமா வா."

பிரெஞ்சு கிராமங்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் மதியம் பன்னிரண்டுக்கு முன்னால் பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எதுவும் திறந்திருப்பதில்லை. ரொட்டிக்கடை சாத்தியிருக்கும், காபிக்கடை சாத்தியிருக்கும், தேவாலயத்துக்கும் பூட்டு. ஜன்னல் கதவுகள்கூடச் சாத்தியிருக்கும். தெருவில் ஒரு பூனை இருக்கும், அதுவும் நம்மைப் பார்த்ததும் எழுந்து போய்விடும். மெல்பேர்னில், வெரிபீயில் நான் இருக்கும் புதுக் குடியிருப்பில் வீடுகள் மட்டும்தான் இருக்கின்றன, கடைகள் வரும் வரும் என்கிறார்கள். இங்கே கடைகள் வந்து, போயும்விட்டன. ஒரு ஊரில் ரொட்டிக்கென்று தெருவோரத்தில் ஓர் இயந்திரம் வைத்திருந்தார்கள். காசு போட்டால் நீள ரொட்டி விழ வேண்டும். பாதி வெளியே வந்து சிக்கிக்கொண்டது. தர்சினி அக்கா இயந்திரத்தை ஒரு காலால் மிதித்துக்கொண்டு ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். உலகமே புகழும் பிரெஞ்சு ரொட்டியை நான் முதலில் அப்படித்தான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

மாடுகளைச் சொல்ல வேண்டும். வெள்ளை மாடுகள், சோபா மாதிரி. வேலையே செய்யாத மாடுகள். வேலி ஓரமாக வரிசையில் நின்று நாங்கள் மேடு ஏறுவதைப் பார்க்கும். எங்கள் சனிக்கிழமைக் குழு காபிக்கடையில் உட்கார்ந்து மற்றவர்கள் மிதிப்பதைப் பார்ப்பதும் இப்படித்தான்.

போகிற இடமெல்லாம் என் ஹெல்மெட்டைப் பார்த்தார்கள். மெல்பேர்னில் வசந்தம் வந்தால் மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை சைக்கிளில் போகிறவர்களின் தலையைக் குறிவைத்துக் கொத்தும். அதற்காக ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் கட்டுக்கம்பிகளை முள் மாதிரி நிமிர்த்தி வைப்போம். கழற்ற மறந்து அப்படியே கொண்டுவந்துவிட்டேன்.

"முள்ளம்பண்டி மாதிரி இருக்கிறாய். கழட்டன்" என்றார் தர்சினி அக்கா.

கழற்றவில்லை. பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

மறுநாள் காட்டுக்குள் போனோம். காடு என்று வரைபடத்தில் பச்சையாகப் போட்டிருந்தது. உள்ளே போனால் வாய்ப்பாடு எழுதியதுபோல் வரிசை வரிசையாக நட்ட ஊசியிலை மரங்கள். வெட்டுவதற்காக வளர்க்கும் தோப்பு. எங்கள் விக்டோரியா மாநிலத்தின் யூகலிப்டஸ் காடு பட்டையை உரித்து மேலே எறியும், கிளையை ஒடித்துப் போடும், பாம்பை அனுப்பும். நாம் உள்ளே வந்தது அதற்குப் பிடிக்கவில்லை என்பதாவது தெரியும். இந்தக் காட்டுக்கு எங்களைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் இல்லை. பிறகு சாயங்காலம் பழைய மரங்கள் உள்ள பகுதி வந்தது. வழவழப்பான சாம்பல் மரங்கள், உதிர்ந்த இலைமேல் சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது, ஒரு மான் சாலையைக் கடந்தது. அழகாக இருந்தது. ஒரு மேடு முழுக்க நான் எதையும் குறை சொல்லவில்லை என்று தர்சினி அக்கா பிறகு சொன்னார்.

அன்று தங்கியது காட்டை ஒட்டிய மிஷெல் என்பவரின் வீட்டில். ஐம்பது வயதிருக்கும். பெரிய மீசை, சிறிய பேச்சு. மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். முன்பதிவெல்லாம் பட்டணத்திலிருக்கும் அவர் தங்கைதான் பார்ப்பாராம். யார் வருகிறார்கள், எத்தனை நாள் என்பது இவருக்குத் தெரியாது. வந்தால் சோறு போடுவார்.

போட்டது பன்றிக் கறி. உப்பு, மிளகு, ஒயின், நாள் முழுக்க அடுப்பு. அவ்வளவுதான். அதைத் தட்டில் வைத்துவிட்டு எங்கள் முகத்தையே பார்த்தார். தர்சினி அக்கா பையிலிருந்து வறுத்த கறித்தூள் பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்துத் தூவிக்கொண்டார். ரோவில்லில் அவரே வறுத்து அரைத்தது. மிஷெல் பாக்கெட்டை எடுத்து முகர்ந்தார், தும்மினார், மறுபடியும் முகர்ந்தார். என் ஹெல்மெட்டைக் காட்டி அது என்ன என்று கேட்டார். பறவைகள் தாக்கும் என்று அக்கா சொன்னதும் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"என்னவாம்?"

"பறவையளுக்குப் பயந்து வேசம் போடுற நாட்டிலையிருந்து வந்திருக்கிறியளோ எண்டு கேக்கிறார். இஞ்சை பறவையள்தான் தனக்குப் பயப்பிடுமாம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காட்டில் வேட்டை நாள் என்றார். சாலை ஓரங்களில் 'வேட்டை நடக்கிறது' என்று மஞ்சள் பலகை வைத்திருப்பார்கள், துப்பாக்கிச் சத்தம் கேட்கும், இந்தச் சாம்பல் நிற உடையில் போனால் நல்லதில்லை. உள்ளே போய்க் கையில்லாத இரண்டு ஆரஞ்சுச் சட்டைகளைக் கொண்டுவந்து எங்களுக்கு மாட்டிவிட்டார். மெல்பேர்னில் ரோடு போடுகிறவர்கள் போட்டிருக்கும் அதே நிறம். விருந்தாளிக்குக் கொடுத்து அனுப்பும் பழக்கம் இவர்களுக்கும் இருக்கிறதே என்று நினைத்தேன். இந்த நாட்டைப் பற்றி நான் நினைத்த முதல் நல்ல விஷயம். அதுவும் தவறு.

கிளம்பும்போது எங்கள் சைக்கிள்களின் இரண்டு பக்கமும் தொங்கும் பைகளைப் பார்த்து, "இவ்வளவு மூட்டை எதற்கு?" என்று கேட்டார்.

"எங்களுக்குப் பழக்கம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "சரி, வெளிக்கிடுவம்" என்றார்.

"அக்கா, அவர்கிட்ட போயிட்டு வர்றோம்னு சொல்லுங்க."

"அப்படி இவை சொல்லுறேல்லையடி."

"நாம சொல்லுவோம்ல? ஒரு வீட்டுல சாப்பிட்டுட்டு, வாசல்ல நின்னு 'போறோம்'னா சொல்லுவீங்க?"

"உன்னோடை பெரிய கரைச்சல்" என்று முணுமுணுத்துவிட்டு, அக்கா திரும்பி மிஷெலிடம் அப்படியே பிரெஞ்சில் சொன்னார்: போய்விட்டுத் திரும்பி வருகிறோம்.

மிஷெல் தலையாட்டினார். "முயல் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டார்.

பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, "எல்லாம் சாப்பிடுவோம்" என்று அக்கா சொன்னார். அவர் மறுபடியும் தலையாட்டினார். நாங்கள் மிதித்துப் புறப்பட்டோம்.

அன்று காடு முழுக்கக் கொம்பு ஊதினார்கள். துப்பாக்கி வைத்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் வேட்டையாம். நாய்கள்தான் ஓடுகின்றன. ஒரு திருப்பத்தில் ஆரஞ்சுத் தொப்பிக்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். எங்கள் சட்டையில் தைத்திருந்த முத்திரையைப் பார்த்துவிட்டு, "மிஷெல் ஆட்களா?" என்று கேட்டார். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவர் குழம்பிப்போய் வழிவிட்டார். மதியம் ரொட்டியைப் பிரித்தபோது அக்கா பையைத் துழாவினார். "ஐயோ, என்ரை தூள்! அவற்றை மேசையிலை விட்டிட்டு வந்திட்டன்!" அதற்குப் பிறகு அந்தத் தூளைப் பற்றி மட்டும்தான் பேசினார். நான் மேடுகளைப் பற்றி யோசித்தேன். ஒன்றில்கூட இறங்கித் தள்ளவில்லை. இன்னும் ஒரே ஒரு நாள், பெரும்பாலும் இறக்கம், கடைசியில் லுவார். டேமியனுக்கு அனுப்பும் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். 'பேட்டரி தேவைப்படவில்லை.'

பொழுது சாயும் நேரத்தில் அடுத்த ஊர் வந்தது. தங்கிய வீட்டின் அம்மா சூப் ஊற்றிக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டே எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கொக்கியில் தொங்கிய ஆரஞ்சுச் சட்டைகளைப் பார்த்தார். ரிசீவரை அக்காவிடம் நீட்டினார்.

அக்காவின் முகம் விழுந்துகொண்டே போனது. நான் அதற்கு முன் அவர் பிரெஞ்சில் தடுமாறிப் பார்த்ததில்லை.

"யாரு அக்கா?"

"மிஷெல். நாங்கள் இன்னும் வரேல்லை எண்டு தேடுறார்."

"எங்க வரலை?"

"சாப்பாட்டுக்கு! திரும்பி வாறம் எண்டு சொன்னனாங்கள் எல்லோ? முயல் சமைச்சு, மேசையெல்லாம் போட்டு, இருட்டுதே எண்டு காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். வெடி வச்ச காடு. எங்களுக்கு ஏதோ நடந்துபோட்டுது எண்டு வேட்டைக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு நாயளோடை தேடித் திரிஞ்சவையாம். பேந்துதான் தங்கச்சியிட்டை நம்பர் வாங்கி ஒவ்வொரு வீடா அடிச்சுப் பாக்கிறார்."

நான் சிரித்தேன். சிரிப்பு வராத முகத்தோடு அக்கா தொடர்ந்தார். "அந்தச் சட்டையள் குடுத்தது இல்லையாம். இரவல். ஒண்டு அவற்றை, மற்றது மச்சானுடையது. நாளைக்கு அவையின்ரை ஆக்களின்ரை வேட்டை. சட்டை இல்லாமல் வரிசையிலை நிக்க விடமாட்டினம்."

வீட்டு அம்மா சூப் கரண்டியோடு நின்றபடி, உள்ளே இருந்த கணவருக்கு ஒரு வாக்கியம் சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

அக்கா தயங்கினார். "கொண்டு போட்டினம் எண்டு சொல்லுறா."

கொண்டு போய்விட்டார்களாம். எனக்குக் காது சூடானது. படிக்காத வீட்டிலிருந்து வந்தவள், ஹாஸ்டலில் ஒரு பென்சில் காணாமல் போனால் முதலில் யார் பெட்டியைத் திறப்பார்கள் என்று தெரிந்தவள் நான். அடுத்தவர் பொருளைத் தொடாமலே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். ஒரு வேட்டைக்காரனின் வியர்வை நாறும் சட்டைக்காகவா அந்தப் பெயர் வர வேண்டும்?

"தபாலிலை அனுப்புவம்" என்றார் அக்கா. நாளை தபால் நிலையம் திறக்காது என்றார் வீட்டு அம்மா. தன்னிடம் கொடுத்தால் யாராவது அந்தப் பக்கம் போகும்போது அனுப்புவதாகச் சொன்னார். யாராவது, எப்போதாவது.

"மிஷெல் மேலதான் தப்பு அக்கா. இந்த ஊர்க்காரங்க கடைக்குக் கடை 'ஓ ருவார்'ங்கிறாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"திரும்பிக் காணும்வரைக்கும் எண்டு."

"பாத்தீங்களா? ரொட்டிக்கடைக்காரி அதைச் சொன்னாளே, நான் போய் அவளுக்குச் சோறு வடிச்சு வச்சுக்கிட்டுக் காத்திருந்தேனா? அவங்க சொன்னா பேச்சு, நாம சொன்னா பத்திரமா?"

"ஞாயம்தான்" என்றார் அக்கா. "சூப்பைக் குடி."

சூப் இறங்கவில்லை. நியாயம் என் பக்கம் இருந்தும் இறங்கவில்லை. ஏனென்றால் நான் காத்திருந்திருக்கிறேன். ரொட்டிக்கடைக்காரிக்காக அல்ல, டேமியனுக்காக. மெல்பேர்னில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதியம் லிஃப்டுக்குப் பக்கத்தில் அவன் என்னைப் பார்த்து, "பிறகு பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆஸ்திரேலியாவில் அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை, இருமுவது மாதிரி. எனக்கு அது தெரியாது. மேலதிகாரி பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், கேள்வி ஏதாவது கேட்பார் என்று, மேசையை ஒழுங்குபடுத்தி, குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, எல்லோரும் கிளம்பிய பிறகும் உட்கார்ந்திருந்தேன். விளக்குகள் தாமாக அணைந்தன. கையை ஆட்டினால் எரியும். ஆட்டி ஆட்டி எரியவைத்துக் காத்திருந்தேன். அந்தப் 'பிறகு' இன்றுவரை வரவில்லை. யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

மேசை போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

காலையில் சைக்கிளை வெளியே எடுத்து, வந்த பக்கமாகத் திருப்பினேன்.

"எங்கை போறாய்? நதி அந்தப் பக்கம்" என்றார் அக்கா.

"வர்றோம்னு சொல்லச் சொன்னது நான்தானே. நீங்க நதிக்குப் போங்க அக்கா. நான் குடுத்துட்டு வந்துடறேன்."

"வந்திடுறியோ? நாளைக்குப் பிளேன். திரும்பிப் போனால் நதியும் இல்லை, படமும் இல்லை. யோசிச்சியோ?"

"யோசிச்சேன்."

"பேந்து ஒப்பீஸிலை எல்லாருக்கும் முன்னாலை மூஞ்சையைத் தூக்கி வச்சுக்கொண்டு இருக்கக்கூடாது."

"இருப்பேன்."

அக்கா பெருமூச்சு விட்டுத் தன் சைக்கிளையும் திருப்பினார். "உன்ரை வாயாலை எனக்கும் சேத்து மேடு" என்றார்.

முந்தின நாள் இறக்கங்களெல்லாம் இப்போது ஏற்றங்கள். அதே வெள்ளை மாடுகள் வேலியோரம் வந்து நின்றன. இவர்களை நேற்றே அனுப்பிவிட்டோமே என்ற முகம். அக்கா பாதி மேட்டில் இறங்கித் தள்ளினார், தள்ளும்போது என்னைத் திட்டினார், மூச்சு வாங்கியபோது மட்டும் நிறுத்தினார். நான் இறங்கவில்லை. சபதத்தில் அந்த ஒரு பகுதியாவது மிஞ்சட்டும்.

மிஷெல் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். தூரத்தில் கொம்புச் சத்தம் கேட்டது. அவருடைய ஆட்கள், அவர் இல்லாமல். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். கையை நீட்டினார். சட்டைகளைக் கழற்றிக் கொடுத்தோம். ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார், இரண்டையும். பிறகு கொக்கியில் மாட்டினார்.

இதற்காகவா ஒரு நதியை விட்டுவிட்டு வந்தேன் என்று தோன்றியது. அக்கா எல்லாவற்றையும் விளக்கினார். எங்கள் மொழியில் 'போகிறேன்' என்று சொல்வது நல்லதில்லை, அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர் திரும்பி வரமாட்டார் என்று அர்த்தமாகிவிடும், அதனால் எப்போதும் வருகிறேன் என்றே சொல்லுவோம் என்று.

மிஷெல் கேட்டுக்கொண்டிருந்தார். "வருகிறேன் என்று சொல்லிவிட்டு எல்லோரும் வருவார்களா?"

"எப்போதாவது" என்றார் அக்கா.

"விசித்திரம்" என்றார் அவர். அதைச் சொன்ன ஆள் யார்? நாற்காலியில் உட்கார்ந்து வேட்டையாடுகிறவர். "பசிக்கிறதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

முயல் இருந்தது. நேற்றுச் சமைத்தது, தொடவில்லை. அவரும் சாப்பிட்டிருக்கவில்லை. மூடியைத் திறந்ததும் அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். மேசையில் விட்டுவிட்டு வந்த கறித்தூள் பாக்கெட்டில் பாதி காலி. எங்களுக்காக அவர் அதை முயலில் போட்டிருக்கிறார். தூளை விட்டுப்போனதே நாங்கள் திரும்பி வருவதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டாராம். கடைசியில் கொட்டி, ஒரு கிண்டு கிண்டி இறக்கியிருக்கிறார். வெங்காயம் வதங்கவில்லை, ஒயின் ஒரு பக்கம் போகிறது, மிளகாய் இன்னொரு பக்கம் போகிறது. வறுத்த தூளாக இருந்ததால் பச்சை வாடை அடிக்காமல் தப்பித்தது. நான் வாழ்க்கையில் சாப்பிட்ட மோசமான குழம்புகளில் அது ஒன்று. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மிஷெலுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. தட்டை ரொட்டியால் வழித்தார்.

சாப்பிட்டு முடித்தபோது அக்கா நேரத்தைப் பார்த்துப் பதறினார். பாரிஸ் ரயில் போகும் ஸ்டேஷன் லுவார் இருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம், சைக்கிளில் போனால் ரயில் கிடைக்காது. மிஷெல் அதற்குள் வேன் கதவைத் திறந்து, சைக்கிள்களை உள்ளே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

நான் வேனின் முன்னால் நின்றேன்.

"ஏறு செல்வி" என்றார் அக்கா. "டேமியன் இஞ்சை இல்லை."

ஏறினேன். நாயோடு பின்னால் உட்கார்ந்தேன். நான் மிதித்து ஏறிய மேடுகளெல்லாம் ஜன்னலில் ஒன்றுமில்லாமல் கடந்து போயின. நாய் என் ஹெல்மெட்டின் முள்ளை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தது. லுவார் நதியை நான் பார்க்கவே இல்லை. எப்படியிருக்கும் என்று தெரியாது. நதி மாதிரி இருக்கும்.

ஸ்டேஷனில் இறங்கியதும் அக்கா என் கையைக் கிள்ளினார். "இந்த முறை நீ வாயைத் திறக்காதை. நான் சரியாச் சொல்லுறன்." மிஷெலிடம் திரும்பி, சுத்தமான பிரெஞ்சில், நாங்கள் கிளம்புகிறோம், எல்லாவற்றுக்கும் நன்றி என்றார். மிஷெல் அவரோடு கை குலுக்கினார். பிறகு என்னைப் பார்த்தபடி நின்றார்.

நானும் ஏதாவது சொல்ல வேண்டும். 'போறோம்' என்று சொல்லிவிடலாம். தமிழில் சொன்னால் அவருக்கா புரியப்போகிறது? முயன்றேன். ஒரு மனிதரின் உப்பைத் தின்றுவிட்டு அந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை.

"போயிட்டு வர்றோம்" என்றேன்.

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். மிஷெலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மீசை லேசாக அசைந்தது.

"எப்போது?" என்று கேட்டார்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அரியலூரில் கேட்டதில்லை. மெல்பேர்னில் கேட்கவே மாட்டார்கள். ரயில் வந்து நின்றது, கதவுகள் திறந்தன. அக்கா சைக்கிளைத் தூக்கியபடி, "வா, வா" என்று கத்தினார். மிஷெல் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம்னு சொல்லுங்க அக்கா. வேட்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. இங்கேருந்து லுவார் வரைக்கும் மிச்சம் இருக்குல்ல."

அக்கா என்னைப் பார்த்தார், பிறகு சொன்னார். மிஷெல் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"வேட்டைக்கு முதல் எண்டால் முயல் இல்லையாம்" என்றார் அக்கா. "கோழிதானாம்."

"கோழி போதும்" என்றேன், படியில் ஏறிக்கொண்டே. "தூளை மட்டும் ஆரம்பத்துலயே போடச் சொல்லுங்க."